வீட்டுக்கு வந்த ஞாபக மறதி

விளக்கையும் மோட்டாரையும் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்த குடும்பங்களுக்கு ஒரு புதிய தலைவலி. ஒரு சிறிய ஃபைல் கெட்டால் வீடே ஸ்தம்பித்துவிடுகிறது. மீட்க வழி உண்டு, பதறாமல் இருந்தால்.

மின்சாரம் போனது இரண்டே விநாடி. மின்விசிறியின் வேகம் குறைவதற்குள் திரும்பி வந்துவிட்டது. ஆனால் வீடு திரும்பி வரவில்லை. ஆறரை மணிக்குத் தானாக எரிய வேண்டிய வாசல் விளக்கு எரியவில்லை. மாடித் தொட்டி நிரம்பியதும் நிற்க வேண்டிய மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் வழிகிறது. என்ன ஆயிற்று என்று செல்போனைத் திறந்தால், நேற்று வரை நாற்பது விளக்குகளையும் விசிறிகளையும் பெயர் சொல்லிக் காட்டிய திரை, நல்வரவு கூறி உங்கள் பெயர் என்ன என்று கேட்கிறது.

பெங்களூரிலோ புனேயிலோ குருகிராமிலோ, வீட்டைக் கம்ப்யூட்டரின் பொறுப்பில் விட்டவர்களுக்கு இது அதிசயமான காட்சி அல்ல. பல்பு ஃப்யூஸ் ஆகவில்லை. ஸ்விட்ச் கருகவில்லை. கம்பி அறுபடவில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்தால் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிடுவார். அவர் சொல்வது உண்மையும்கூட. கெட்டுப்போனது ஒரு ஃபைல்.

எந்த ஸ்விட்ச் எந்த அறையில் இருக்கிறது, அதன் பெயர் என்ன, எத்தனை மணிக்கு எது எரிய வேண்டும், கதவின் பூட்டு யாருடைய குரலுக்கு அல்லது விரலுக்குத் திறக்க வேண்டும் - இந்த விவரங்களையெல்லாம் வீட்டு சாஃப்ட்வேர் ஒரு சில ஃபைல்களில் எழுதி வைத்துக்கொள்கிறது. கான்ஃபிகரேஷன் ஃபைல் என்று தொழில்காரர்கள் சொல்வது இதைத்தான். அமைப்பு ஃபைல் என்று வைத்துக்கொள்ளலாம். இது கெட்டால் கருவிகளுக்கு உயிர் இருக்கும், ஞாபகம் இருக்காது.

ஒரு காலத்தில் இந்த ஞாபகம் அழிக்க முடியாத இடத்தில் இருந்தது. 1975ல் ஸ்காட்லாந்தின் க்ளென்ராத்தஸ் நகரில் பைக்கோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய எக்ஸ்10 முறையில், கட்டளைகள் வீட்டின் மின்கம்பி வழியாகவே போயின. ஒவ்வொரு கருவியிலும் இரண்டு சிறு சக்கரங்கள். ஒன்றில் 16 ஆங்கில எழுத்துகள், மற்றதில் 1 முதல் 16 வரை எண்கள். ஸ்க்ரூடிரைவரால் திருப்பி வைத்தால் அதுதான் அந்தக் கருவியின் முகவரி. மொத்தம் 256 முகவரிகள். ஒரு வாரம் மின்சாரம் இல்லாவிட்டாலும் சக்கரம் திருப்பிய இடத்திலேயே நிற்கும். இன்றைய வசதிகளோடு ஒப்பிட்டால் அது மாட்டுவண்டிதான். ஆனால் மாட்டுவண்டிக்கு மறதி நோய் வந்ததில்லை.

பிறகு ஞாபகம் இடம் மாறியது. ஒரு சாரார் அதை எங்கோ இருக்கும் நிறுவனங்களின் கம்ப்யூட்டரில் வைத்தார்கள். அதன் அபாயம் சீக்கிரமே தெரிந்தது. அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் சேவை 2016 மே மாதம் நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள் வெறும் டப்பாக்களாயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் முன்னறிவிப்பின்றி மௌனமாயின. இதைப் பார்த்தவர்கள் ஞாபகத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள விரும்பியதில் வியப்பில்லை. 2010ல் ஜெர்மனியின் காய் க்ரோய்ட்சர் தொடங்கிய ஓப்பன்ஹாப், 2013ல் பவுலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் ஆகியவை இப்படி வளர்ந்த இலவச சாஃப்ட்வேர்கள். இரண்டாவது இன்று பெரிய இயக்கமாகிவிட்டது. 2024 முதல் ஸ்விட்சர்லாந்தில் பதிவான ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் குடையின்கீழ் இருக்கிறது. சீட்டுக்கட்டு அளவுள்ள ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரில், நகத்தளவு மெமரி கார்டில், முழு வீட்டையும் அடக்கிவிடலாம்.

ஆனால் வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் காவலும் நாமே.

ஒரு இடைவெளியின் விலை

ஹோம் அசிஸ்டன்டில் ஞாபகம் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. எது கெட்டது என்பதைப் பொறுத்தே வைத்தியம். முதலாவது, வீட்டுக்காரரே கையால் எழுதும் 'கான்ஃபிகரேஷன்.யாமல்' போன்ற ஃபைல்கள். இரண்டாவது, சாஃப்ட்வேர் தானே எழுதிக்கொள்ளும் '.ஸ்டோரேஜ்' என்ற மறைவான ஃபோல்டர். புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் லினக்ஸில் சாதாரணமாகக் கண்ணில் படாது. மூன்றாவது, எந்த விளக்கு எப்போது எரிந்தது, எவ்வளவு மின்சாரம் செலவானது என்று நாள்வாரியாகப் பதியும் தரவுக்களஞ்சியம்.

முதல் வகையில் குற்றவாளி பெரும்பாலும் மனிதன். யாமல் என்பது 2001ல் தோன்றிய எழுத்துமுறை. (தமிழ்க் காதுக்கு அது புரியாமல், தெரியாமல் என்பதன் வாலைப் போல ஒலிப்பது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.) இதில் அடைப்புக்குறிகள் அதிகம் இல்லை. எது எதற்குள் அடங்கும் என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் சொல்லும். இரண்டு இடைவெளி விட வேண்டிய இடத்தில் மூன்று விட்டால் விளக்கு வேறு அறைக்குப் போய்விடலாம், அல்லது ஃபைல் முழுவதுமே படிக்க முடியாததாகிவிடலாம். டாப் விசையை அழுத்தி இடைவெளி விட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் யாமல் அதை ஏற்காது.

இன்னும் வேடிக்கையான பிழைகள் உண்டு. யாமலின் 1.1 பதிப்பில் 'ஆன்', 'ஆஃப்', 'யெஸ்', 'நோ' என்ற ஆங்கிலச் சொற்களை மேற்கோள் குறியின்றி எழுதினால் அவை சொற்களாக இருப்பதில்லை. உண்மை, பொய் என்ற தர்க்க மதிப்புகளாக மாறிவிடும். நாட்டுப் பெயர்களைச் சுருக்கி எழுதிய பட்டியலில் நார்வேயின் இரண்டெழுத்துக் குறி 'நோ' என்றிருந்ததால் அந்த நாடே 'பொய்' ஆகிப்போனது கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை. இரவு 22:30 என்று நேரத்தை வெறுமனே எழுதினால் அதை 60ன் அடிப்படையில் அமைந்த எண்ணாகக் கொண்டு 1350 என்று படித்துக்கொள்ளும். பாபிலோனியர்களுக்கு இது மகிழ்ச்சி தரலாம், படுக்கையறை விளக்கை அணைக்க நினைத்தவருக்கு அல்ல. 2009ல் வந்த 1.2 பதிப்பு இந்தக் கோணல்களை நீக்கியது. என்றாலும் பைதான் மொழியில் எழுதப்பட்ட பல சாஃப்ட்வேர்கள் பழைய விதியிலேயே படிக்கின்றன. மேற்கோள் குறி இரண்டைப் போட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை.

மனிதப் பிழையில் ஒரு ஆறுதல்: சாஃப்ட்வேர் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். ஹோம் அசிஸ்டன்ட் மறுதொடக்கம் செய்யச் சொன்னால் முதலில் ஃபைலைச் சோதித்துவிட்டு, பிழை இருந்தால் மறுத்துவிடும். அதையும் மீறி மின்சாரம் போய் வந்து, பிழையான ஃபைலோடு தொடங்க நேர்ந்தால், மீட்பு நிலை என்ற குறைந்தபட்ச நிலையில் எழுந்து நிற்கும். (2023 நவம்பர் பதிப்புக்கு முன்பு இதற்குப் பாதுகாப்பு நிலை என்று பெயர். இப்போது அந்தப் பெயர் வேறொன்றுக்கு. பழைய குறிப்புகளைப் படித்துக் குழம்புவோர் கவனிக்கவும்.) பிழை எத்தனையாவது வரியில் என்றும் சொல்லும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. 40ஆவது வரியில் மூடாமல் விட்ட மேற்கோள் குறியால் சாஃப்ட்வேர் 57ஆவது வரியில்தான் தடுக்கி விழும். எனவே சொன்ன வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டு போவதே வழக்கமான உத்தி. நேற்று வரை சரியாக ஓடி, இன்று எதையும் தொடாமலே கெட்டது என்றால் பிழை இந்த வகையில் இல்லை. அடுத்த வகையைப் பார்க்க வேண்டும்.

பாதி எழுதிய பக்கம்

இரண்டாவது வகைதான் வாசல் விளக்கை அணைத்தது. சாஃப்ட்வேர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பக்கம் பாதியில் நிற்கும். சில சமயம் ஃபைலின் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே பூஜ்யம் பைட். சில சமயம் அளவு சரியாக இருக்கும், திறந்து பார்த்தால் எழுத்தே இல்லாத வெற்றுக் குறிகள் வரிசையாக நிற்கும்.

லினக்ஸ் உலகில் இது 2009ல் பெரும் சர்ச்சையாக வெடித்தது. அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ்ட்4 என்ற ஃபைல் அமைப்பைப் பயன்படுத்தியவர்கள், கம்ப்யூட்டர் திடீரென்று நின்று மீண்டும் எழுந்தபோது தங்கள் அமைப்பு ஃபைல்கள் பூஜ்யம் பைட்டாகக் கிடப்பதைக் கண்டார்கள். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான தியோடர் ட்ஸோ காரணத்தை விளக்கினார். வேகத்துக்காக ஃபைல் அமைப்பு எழுதுவதைச் சற்றுத் தள்ளிப்போடுகிறது. இந்தக் கணமே பதிய வேண்டும் என்றால் சாஃப்ட்வேர்தான் அதைக் கேட்க வேண்டும். பயனாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எக்ஸ்ட்4 கொஞ்சம் வளைந்துகொடுத்தது. சாஃப்ட்வேர் எழுதுபவர்களும் கொஞ்சம் பாடம் கற்றார்கள்.

அந்தப் பாடம் நம் ஊர் கணக்குப்பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பேரேட்டில் பழைய பக்கத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் எழுதினால், நடுவில் விளக்கு அணைந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. புதுத் தாளில் முழுவதும் எழுதி, மை காய்ந்ததை உறுதி செய்துகொண்டு, பிறகு பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் எந்த நொடியில் விளக்கு போனாலும் ஒரு முழுத் தாள் மிஞ்சும். ஹோம் அசிஸ்டன்ட் தன் ஃபைல்களை இப்படித்தான் எழுதுகிறது. நோட்-ரெட் என்ற மற்றொரு சாஃப்ட்வேர் எழுதுவதற்கு முன் முந்தைய ஃபைலை ஒரு பிரதியாக ஒதுக்கிவைக்கிறது. ஓப்பன்ஹாப் பழைய பிரதிகள் சிலவற்றை வைத்துக்கொள்கிறது.

இவ்வளவு செய்தும் ஏன் கெடுகிறது? மெமரி கார்டு எப்போதும் உண்மை சொல்வதில்லை என்பதால். மை காய்ந்துவிட்டதா என்று கேட்டால் சில மலிவான கார்டுகள் காயாமலே காய்ந்துவிட்டது என்கின்றன. மேலும், ஃப்ளாஷ் நினைவகத்தில் சிறு பகுதியை மட்டும் அழித்து எழுத முடியாது. பெரிய கட்டமாகத்தான் அழிக்க முடியும். அதனால் கார்டுக்குள் இருக்கும் சிறு மூளை எப்போதும் பழைய தகவல்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். வீடு மாற்றும்போது நடுவழியில் லாரி நின்றால், அன்று தொடாத சாமான்கள்கூடக் காணாமல் போகும். பல வருடம் மாறாத ஃபைல் ஒன்று திடீரென்று கெடுவதன் ரகசியம் இதுதான்.

மின்வெட்டு என்றதும் 2012 ஜூலை 31ஆம் தேதியைப் போன்ற பெரும் இருட்டைத்தான் நினைத்துக்கொள்கிறோம். அன்று வட, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் 60 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாழும் பகுதிகளில் மின்சாரம் இல்லை. ஆனால் மெமரி கார்டுக்கு நீண்ட இருட்டு எதிரியே அல்ல. போய், வந்து, மறுபடி போகும் அந்த விநாடிகள்தான் எதிரி. முதல் முறை போனபின் கம்ப்யூட்டர் எழுந்து, ஃபைல்களைச் சரிபார்த்து எழுதத் தொடங்கும் நேரம் பார்த்து மறுபடி போகிறது.

இன்வர்ட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். இந்திய வீடுகளில் இன்வர்ட்டர் லைனில் இருப்பவை பெரும்பாலும் விளக்கும் விசிறியும். கம்ப்யூட்டர் பெட்டி டிவி அலமாரிக்குள், வேறு லைனில் இருக்கும். அதே லைனில் இருந்தாலும், மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாற இன்வர்ட்டர் ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது. பல இன்வர்ட்டர்களின் பின்பக்கத்தில் யூபிஎஸ் என்று எழுதிய ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். பொருத்திய நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ரௌட்டருக்கென்று கடைகளில் விற்கும் சின்ன யூபிஎஸ் இன்னும் நல்ல தீர்வு. ஆனால் ரௌட்டர்கள் பல 12 வோல்ட்டில் ஓடுபவை, ராஸ்பெர்ரி பை 5 வோல்ட். மாற்றிச் செருகினால் ஃபைல் கெடுவதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியிருக்காது. பழைய செல்போன் சார்ஜரைச் செருகி ஓட்டுவதும் அதே வகைச் சிக்கனம்தான். மின்னழுத்தம் குறையும்போதெல்லாம் ராஸ்பெர்ரி பை அதை எச்சரிக்கையாகப் பதிந்துவைக்கிறது. பலர் ஃபைல் கெட்ட பிறகுதான் அதைப் படிக்கிறார்கள்.

முதலில் கையைக் கட்டுங்கள்

ஃபைல் கெட்டதால் வரும் நஷ்டத்தைவிட, அதைச் சரிசெய்யப் போய் வரும் நஷ்டம் பெரிது. நிறுத்தி நிறுத்திப் போடுவது முதல் தவறு. தன் ஃபைலைக் காணாத சாஃப்ட்வேர் ஒவ்வொரு முறை எழும்போதும் புதிதாக ஒன்றை எழுதப் பார்க்கும். மீட்கக்கூடிய பழைய எழுத்துகளின் மேல் அது விழலாம். திரை நல்வரவு சொன்னதும் சரி, மறுபடி பதிவுசெய்துகொள்ளலாம் என்று புதுப் பெயரும் பாஸ்வேர்டும் தட்டுவது இரண்டாவது தவறு.

மூன்றாவது தவறு மிகக் கொடியது. மெமரி கார்டைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகியதும், இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று அது பவ்யமாகக் கேட்கும். லினக்ஸின் ஃபைல் அமைப்பை விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை. படிக்கத் தெரியாததைக் காலி என்று எண்ணிக்கொள்கிறது. பதற்றத்தில் ஆம் என்று அழுத்தினால், ஒரு ஃபைல் கெட்டதாக இருந்த பிரச்சினை மொத்தக் கார்டும் போனதாக முடியும். இல்லை என்பதே பதில். கார்டு முழுவதையும் ஒரே பிம்பமாகப் பிரதியெடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில்தான் கை வைக்க வேண்டும்.

பிறகு ஃபைலின் அளவைப் பார்க்கலாம். பூஜ்யமா, பாதியா, முழுதா? பூஜ்யம் என்றால் அதில் தேட ஒன்றும் இல்லை. காப்புப் பிரதிதான் கதி. அதற்கு முன் கார்டில் இடம் தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது நல்லது. இடம் இல்லாமல் எழுத முடியாமல் போனதும் இதே தோற்றத்தைத் தரும், மின்சாரத்தின் மேல் வீண் பழி விழும். கடைசியாக மாறிய தேதியையும் பார்க்கலாம், ஆனால் நம்பிக்கை வேண்டாம். 2023ல் வந்த 5ஆம் மாடலுக்கு முந்தைய ராஸ்பெர்ரி பைகளில் மின்சாரம் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. எழுந்தபின் இண்டர்நெட்டில் நேரம் கேட்கும்வரை அது பழைய தேதியிலேயே வாழ்ந்துகொண்டிருக்கும்.

பாதி மிஞ்சிய ஃபைல்தான் சுவாரஸ்யமானது. '.ஸ்டோரேஜ்' ஃபோல்டரில் உள்ளவை ஜேஸன் என்ற எழுத்துமுறையில் இருக்கும். அதில் திறந்த ஒவ்வொரு வளைவுக் குறியும் மூடப்பட வேண்டும். வெட்டுப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்து, கடைசி முழுக் குறிப்போடு நிறுத்தி, குறிகளை மூடிவிட்டால் வீட்டின் முக்கால் பாகம் திரும்பி வந்துவிடலாம். பொறுமை உள்ளவருக்கு ஒரு மாலை நேர வேலை. ஹோம் அசிஸ்டன்ட் இப்போது இதற்கு உதவுகிறது. படிக்க முடியாத ஃபைலைக் கண்டால் அழிப்பதில்லை. பெயரில் 'கரப்ட்' என்று சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒன்றுடன் எழுந்து, அந்தச் செய்தியைப் பழுதுப் பட்டியலில் போடுகிறது. அந்த ஓரம் வைத்த ஃபைலைக் குப்பை என்று நினைத்து நீக்கிவிடக் கூடாது. தரவுக்களஞ்சியம் கெட்டாலும் இதே மரியாதைதான். பழையது ஒதுக்கப்பட்டு, புதியது தொடங்கும். அதில் போவது சரித்திரம் மட்டும், விளக்குகள் எரியும். பத்து நாள் விவரம் போனால் யாரும் அழப்போவதில்லை. ஆனால் வருஷக்கணக்கில் சேர்ந்த மின்செலவுக் கணக்கும் அதற்குள்தான் இருக்கிறது. வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போட்டு, போட்ட பணம் எப்போது திரும்பும் என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது வலிக்கும்.

சத்தம் போடாத கேடு

எல்லாவற்றிலும் மோசமானது, கெட்டதே தெரியாமல் கெடுவது. சாதனங்களின் பெயர்ப்பட்டியல் உள்ள ஃபைல் பாதி போய், சாஃப்ட்வேர் கருவிகளை மறுபடி தேடிக் கண்டுபிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பெயர் இன்னும் பதிவில் ஒட்டிக்கொண்டிருந்தால், அதே கீஸருக்கு வாலில் 2 என்ற எண்ணைச் சேர்த்துப் புதுப் பெயர் வைத்துவிடும். செல்போன் திரையில் கீஸர் இருக்கிறது, தொட்டால் எரிகிறது, அணைகிறது. எல்லாம் சரி. ஆனால் அரைமணி நேரத்தில் கீஸரைத் தானாக அணைக்க வேண்டிய விதி, இறந்துபோன பழைய பெயரையே அழைத்துக்கொண்டிருக்கிறது. யாரும் பதில் சொல்வதில்லை. அதனால்தான் மீட்டபிறகு விளக்குகள் எரிகின்றனவா என்று பார்ப்பது போதாது. தானாக நடக்க வேண்டியவை ஒவ்வொன்றும் நடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஸிக்பீ என்ற ரேடியோ முறையில் பேசும் ஸ்விட்சுகளுக்கு இன்னொரு சங்கடம். வீட்டுக்குள் எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்ளும் ரகசியச் சாவி ஒன்று உண்டு. அது இருந்த ஃபைல் போய், புதுச் சாவி உருவானால், பழைய கருவி எதுவும் அந்தக் கம்ப்யூட்டரை அடையாளம் கண்டுகொள்ளாது. சுவரில் பதித்த ஸ்விட்ச் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மறுபடி இணைக்க வேண்டும். முப்பது ஸ்விட்ச் உள்ள வீட்டில் அது எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் கூலி. அந்தச் சாவி சில வரிகள்தான்; ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடலாம்.

அமைப்பு ஃபைலை யாரிடமாவது காட்டி உதவி கேட்பதிலும் எச்சரிக்கை தேவை. வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை அதில் இருக்கிறது. காமிராவின் பாஸ்வேர்டு, பூட்டு நிறுவனக் கணக்கின் அனுமதிச் சீட்டு ஆகியவை '.ஸ்டோரேஜ்' ஃபோல்டரில் மறைகுறி இல்லாமல் படிக்கிற எழுத்தாகவே கிடக்கின்றன. வீட்டுச் சாவியைப் பூ விற்பவரிடம் கொடுத்து வைக்கத் தயங்குபவர்கள், இந்த ஃபோல்டரை முகம் தெரியாதவருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

வீட்டில் யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் செய்யத் தெரிந்தவர் பெரும்பாலும் வீட்டில் ஒருவர்தான். மகனோ மகளோ, மருமகனோ. லீவில் வந்தபோது ஆசையாகப் பொருத்திவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஃபைல் கெடும் அன்று வீட்டில் இருப்பவர்கள் எழுபது வயதுத் தாயும் தந்தையும். தொலைபேசியில் மகன் 'கார்டைக் கழற்றுங்கள்' என்கிறான். அப்பாவுக்கு எந்தக் கார்டு என்று தெரியவில்லை. அம்மா இருட்டில் மாடிப்படி இறங்கிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான பரீட்சை இங்கேதான் நடக்கிறது.

எனவே சில விஷயங்களைக் கம்ப்யூட்டரின் ஞாபகத்தை நம்பி விடவே கூடாது. சுவர் ஸ்விட்சைத் தட்டினால், கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தாலும் விளக்கு எரிய வேண்டும். இப்படி வேலை செய்யாத ஸ்மார்ட் ஸ்விட்ச் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கத் தகுதியற்றது. மாடித் தொட்டியில் பழைய மிதவை ஸ்விட்ச் ஒன்று இருந்தால் மோட்டார் தானாக நிற்கும். கம்ப்யூட்டர் அதன்மேல் கூடுதல் கண்காணிப்பாளர் மட்டுமே. கீஸருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டும் அப்படித்தான், அதைப் பழுதாகவிட்டு சாஃப்ட்வேரை நம்பக் கூடாது. கதவுப் பூட்டுக்கு இரும்புச் சாவி ஒன்று வீட்டுக்கு வெளியே, நம்பகமான ஒருவரிடம் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டியை எப்படி நிறுத்துவது, யாரை அழைப்பது, எதைத் தொடக் கூடாது என்று பெரிய எழுத்தில், வீட்டில் பேசும் மொழியில் எழுதிய தாள் ஒன்று மெயின் ஸ்விட்ச் பெட்டியின் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால் தொலைபேசி உரையாடல் பாதியாகக் குறையும்.

காப்புப் பிரதி எடுப்பது இப்போது சிரமமல்ல. ஹோம் அசிஸ்டன்டின் 2025 ஜனவரி பதிப்பிலிருந்து, தானாகவே எடுத்து வேறு இடத்துக்கு அனுப்பும் வசதி வந்திருக்கிறது. பிரதிகள் பூட்டப்பட்டிருக்கும், திறக்க ஒரு நீண்ட சாவி எழுத்தைத் தரும். அந்த எழுத்தை அதே கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைப்பவர்களை என்ன சொல்ல? வங்கி லாக்கர் சாவியை லாக்கருக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். பிரதியை அதே மெமரி கார்டில் வைத்திருப்பதும் அப்படியே.

எடுத்த பிரதி திரும்பி வருமா என்பது இன்னொரு கேள்வி. திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். சில நூறு ரூபாய்க்கு இரண்டாவது மெமரி கார்டு ஒன்று வாங்கி, அதில் சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றி, பிரதியைக் கொண்டு மீட்டுப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் கார்டைக் கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரை முறையாக நிறுத்த வேண்டும். ஸிக்பீ குச்சி அதே கம்ப்யூட்டரிலேயே இருக்கலாம். சாவி எழுத்து கைவசம் இல்லை, பூட்டு நிறுவனத்தின் கணக்கு மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது, வாசல் காமிராவின் முகவரி மாறிவிட்டது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் இதைச் செய்வது உத்தமம். ஸ்விட்ச்களைப் போட்டுப் பார்க்க ஒருவர், மோட்டார் பக்கத்தில் ஒருவர்.